கோவிந்தனின் மனைவிக்காக வாதாடியவர்: கொல்வின் ஆர். டி சில்வாவும் மலையகமும்

பதுளையில் தொழில் நியாய சபை கூடும் நாட்களில், முதல் பஸ்ஸில் வந்து இறங்கியவர்களைப் பார்த்தவுடனேயே அடையாளம் கண்டுகொள்ளலாம். பசறை, லுணுகலை, நமுனுகுல, ஹாலிஎல பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வந்திருப்பார்கள். கையில் ஒரு பொலித்தீன் பை. அதற்குள் வேலையிலிருந்து நிறுத்திய கடிதம், சம்பளச் சீட்டுகள், அடையாள அட்டையின் பிரதி. கடிதம் பெரும்பாலும் சிங்களத்தில் இருக்கும். அதை வாசித்துச் சொல்ல ஒருவர் வேண்டும். உள்ளே போய்ப் பேச இன்னொருவர் வேண்டும். தொழிற்சங்கப் பிரதிநிதி வந்தால் நல்லது. வராவிட்டால் அடுத்த தவணை.

எங்களுக்காக யார் பேசுவது என்ற கேள்வி இந்த மலைகளுக்குப் புதியதல்ல. அந்தக் கேள்விக்கு ஒரு காலத்தில் பதிலாக இருந்த ஒரு மனிதரைப் பற்றியது இந்தக் கட்டுரை. அவர் தமிழரல்ல. மலையகத்தில் பிறந்தவருமல்ல. பொலிஸார் சுட்டுக்கொன்ற ஒரு தோட்டத் தொழிலாளியின் மனைவிக்காக விசாரணைக்குழுவின் முன் எழுந்து நின்றவர் அவர். 32 ஆண்டுகளுக்குப் பின் இந்த நாட்டின் தமிழர்கள் மறக்க முடியாத ஓர் அரசியலமைப்பை வரைந்தவரும் அவரே. அவர்தான் கொல்வின் ஆர். டி சில்வா.

முல்லோயா, 1940

1940 ஜனவரியில் கண்டி மாவட்டத்தின் ஹேவாஹெட்டைப் பகுதியிலுள்ள முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தம் நடந்தது. தொழிலாளர்கள் கேட்டது சம்பள உயர்வு. ஜனவரி 10ஆம் திகதி பொலிஸார் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி உயிரிழந்தார். மலையகத் தொழிற்சங்கப் போராட்டத்தின் முதல் தியாகி என்று இன்றும் அவரது பெயரைத்தான் சொல்கிறோம்.

அந்தக் காலத்துத் தோட்டத்தில் சட்டம் என்றால் துரைதான். துரையின் அனுமதி இல்லாமல் வெளியார் எவரும் தோட்டத்துக்குள் கால்வைக்க முடியாது. சங்கக்காரர் வந்தால் அத்துமீறி நுழைந்தார் என்று வழக்குப் போடலாம். வேலை போனால் லயன் அறையும் போய்விடும். ஒருவரை நீக்கினால் குடும்பமே மூட்டை கட்ட வேண்டியிருக்கும். பற்றுச்சீட்டு இல்லாமல் அடுத்த தோட்டத்தில் பெயர் பதிய முடியாது. இப்படிப்பட்ட இடத்தில் ஒரு தொழிலாளி செத்தால் அது கலகக்காரன் ஒருவனின் சாவாக பொலிஸ் புத்தகத்தில் எழுதப்பட்டு அத்துடன் முடிந்துவிடும்.

கோவிந்தனின் சாவு அப்படி முடியவில்லை. லங்கா சமசமாஜக் கட்சி அதை நாடு முழுவதும் பேசவைத்தது. கைதான வேலைநிறுத்தக்காரர் மீதான வழக்குகளை ஒத்திவைப்பது பற்றி உள்நாட்டு அமைச்சருக்கும் பொலிஸ் மாஅதிபருக்கும் முரண்பாடு எழுந்தது. ஆளுநர் பொலிஸ் மாஅதிபரின் பக்கம் நின்றார். அமைச்சர்கள் பதவி விலகும் அளவுக்கு அது வளர்ந்தது. விசாரணைக்குழு ஒன்றும் நியமிக்கப்பட்டது.

அதன் முன் கோவிந்தனின் மனைவி சார்பில் ஆஜரானவர் சட்டத்தரணி கொல்வின் ஆர். டி சில்வா. அப்போது அவருக்கு வயது 33. பொலிஸும் தோட்ட நிர்வாகமும் எப்படிக் கைகோத்துச் செயற்பட்டன என்பதை அவர் அங்கே வெளியே கொண்டுவந்தார். தேயிலை பறித்து வாழும் ஒரு குடும்பத்தின் பெண்ணுக்காக நாட்டின் மிகத் திறமையான இளம் சட்டத்தரணிகளில் ஒருவர் வாதாடியது அன்றைய தோட்டங்களில் பெரிய செய்தி.

பலப்பிட்டியிலிருந்து லண்டனுக்கு

கொல்வின் 1907 பெப்ரவரி 16ஆம் திகதி தென்மாகாணத்தின் பலப்பிட்டியில், ரன்தொம்பையில் பிறந்தார். பாணந்துறை சென் ஜோன்ஸ் கல்லூரியிலும் கொழும்பு றோயல் கல்லூரியிலும் படித்தார். பின்னர் லண்டன் கிங்ஸ் கல்லூரி. அங்கே வரலாற்றில் கலாநிதிப் பட்டம் பெற்றார். ஆங்கிலேயர் இலங்கையைக் கைப்பற்றிய முதல் தசாப்தங்களைப் பற்றிய அவரது ஆய்வு 1941இல் நூலாக வந்தது. வரலாற்று மாணவர்கள் இன்றும் புரட்டும் நூல் அது.

லண்டனில் படித்த இளைஞர்கள் சிலர் மார்க்ஸியவாதிகளாக நாடு திரும்பினார்கள். என்.எம். பெரேரா, பிலிப் குணவர்தன, லெஸ்லி குணவர்தன, கொல்வின். 1935 டிசெம்பரில் இவர்கள் சேர்ந்து லங்கா சமசமாஜக் கட்சியைத் தொடங்கியபோது அதன் முதல் தலைவரானார் கொல்வின்.

தோட்டத் தொழிலாளரின் பிரச்சினையை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோவதன் வலிமையைக் கட்சி 1937இல் கண்டிருந்தது. பிரேஸ்கேர்டில் என்ற வெள்ளைக்கார இளைஞர் மடுல்கலைப் பகுதித் தோட்டம் ஒன்றுக்குத் துரைவேலை பழக வந்தவர். தொழிலாளரின் பக்கம் சாய்ந்ததால் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். பின்னர் சமசமாஜிகளின் மேடைகளில் ஏறி, தோட்டத்தில் நடப்பதைச் சொன்னார். ஆளுநர் அவரை நாடுகடத்த உத்தரவிட்டார். அன்றைய முன்னணிச் சட்டத்தரணி எச்.வி. பெரேரா ஒரு சதமும் வாங்காமல் அவருக்காக வாதாடினார். நாடுகடத்தும் உத்தரவு செல்லாது என்று உயர்நீதிமன்றம் தீர்த்தது. ஆளுநரின் உத்தரவையும் நீதிமன்றத்தில் தோற்கடிக்க முடியும் என்பதைத் தோட்டங்கள் முதன்முறையாகக் கண்டன.

ஊவா எழுந்த மாதங்கள்

முல்லோயாவுக்குப் பிறகு வேலைநிறுத்த அலை தெற்கே ஊவாப் பக்கம் திரும்பியது. இங்கே வேலைநிறுத்தங்கள் நீண்டன. தொழிலாளர்கள் சமசமாஜிகளின் சங்கத்தைத் தேடிப் போனார்கள். பதுளைக்கு அருகிலுள்ள வெவெஸ்ஸ தோட்டத்தில் நடந்தது, இன்று கேட்டாலும் நம்புவதற்குக் கடினமானது. அங்கே தொழிலாளர்கள் தங்களுக்குள் வாக்களித்து ஒரு சபையைத் தெரிவுசெய்தார்கள். அந்தச் சபையுடன் கலந்துபேசியே தோட்டத்தை நடத்துவதாக துரை ஒப்புக்கொண்டார். ஒழுங்கை நிலைநாட்ட வந்த ஆயுதம் தாங்கிய பொலிஸ் குழுவிடமிருந்து தொழிலாளர்கள் ஆயுதங்களைப் பறித்துவிட்டார்கள். அந்த மே மாதத்தில் பதுளை நகரில் தடையையும் மீறிக் கூட்டம் நடந்தது.

அலையை அடக்கப் பெரும் பொலிஸ் படை இறங்கியது. அந்த நேரம் பார்த்து வெள்ளமும் வந்து ஊவாவை ஒரு வாரத்துக்கும் மேலாக மற்றப் பகுதிகளிலிருந்து துண்டித்தது. வெளியிலிருந்து உதவி வர வழியில்லை. அடி உதை, கைது, தோட்டத்தை விட்டு விரட்டுதல் என்று எல்லாம் நடந்தன. போராட்டம் தோற்றது. ஆனாலும் அதே ஆண்டில் தோட்ட முதலாளிமாரின் சங்கம் தொழிற்சங்கங்களுடன் ஏழு அம்ச ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்திட வேண்டியதாயிற்று. சங்கம் என்ற ஒன்று தோட்டத்தில் இருக்கிறது என்பதை துரைமார் எழுத்தில் ஒப்புக்கொண்டது அதில்தான்.

சட்டத்தரணி சிறையில்

1940 ஜூனில் என்.எம். பெரேரா, பிலிப் குணவர்தன, எட்மண்ட் சமரக்கொடி ஆகியோரை அரசு பிடித்தது. சில நாட்களில் கொல்வினும் கைதானார். யுத்த காலம். கட்சியும் தடைசெய்யப்பட்டது. அவர்கள் கண்டி போகம்பரைச் சிறையில் இருந்தார்கள்.

அந்த இடைவெளியில்தான் புசல்லாவைப் பகுதியின் ஸ்டெலன்பேர்க் தோட்ட வழக்கு நடந்தது. 1941 மே மாதத்தில் அந்தத் தோட்டத்துத் துரை கொல்லப்பட்டார். வீராசாமி, வேலாயுதம் என்ற இரண்டு தொழிலாளர்களுக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டது. 1942இன் தொடக்கத்தில் அவர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். கொல்வின் வெளியே இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. கோவிந்தனின் மனைவிக்காக வாதாடியவர் அந்த நாட்களில் தானே ஒரு கைதியாக இருந்தார் என்பது மட்டும் உண்மை.

1942 ஏப்ரலில், ஜப்பானிய விமானங்கள் கொழும்பில் குண்டு வீசிய நாட்களில், சிறைக்காவலர் ஒருவரின் துணையோடு நால்வரும் போகம்பரையிலிருந்து தப்பினார்கள். கடல் கடந்து இந்தியாவுக்குப் போய்த் தலைமறைவாக வேலை செய்தார்கள். யுத்தம் முடிந்த பிறகே கொல்வின் மீண்டும் இலங்கையில் வெளிப்படையாக இயங்கினார்.

வாக்கு போன நாள்

1947 பொதுத்தேர்தலில் கொல்வின் வெள்ளவத்தை - கல்கிசைத் தொகுதியில் வென்றார். அந்தத் தேர்தலில் மலையகத்தில் இலங்கை இந்திய காங்கிரஸ் ஏழு ஆசனங்களைப் பிடித்தது. இரட்டை அங்கத்தவர் தொகுதியான பதுளையிலிருந்து அதன் எஸ்.எம். சுப்பையாவும் சமசமாஜக் கட்சியின் ஜே.சி.டி. கொத்தலாவலவும் நாடாளுமன்றம் போனார்கள். தோட்ட மக்கள் காங்கிரஸுக்குப் போட்டார்கள், காங்கிரஸ் நிற்காத இடங்களில் இடதுசாரிகளுக்குப் போட்டார்கள். இதுதான் ஐக்கிய தேசியக் கட்சியை அச்சுறுத்தியது.

அடுத்த ஆண்டே 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அதைத் தொடர்ந்த தேர்தல் சட்டத் திருத்தத்தில் வாக்கும் போனது. ஏழு இலட்சத்துக்கு மேற்பட்ட ஒரு சமூகத்தின் மிகப் பெரும் பகுதி பிறந்த மண்ணிலேயே நாடற்றதாயிற்று. நாடாளுமன்றத்தில் அந்தச் சட்டத்தை எதிர்த்து வாதிட்டவர்களுள் கொல்வின் ஒருவர். அப்போது அவர் போல்ஷெவிக் சமசமாஜக் கட்சியில் இருந்தார். இது இன்று இந்தியத் தமிழருக்கு வந்திருக்கும் ஆபத்து மட்டுமல்ல, எல்லாத் தொழிலாளருக்கும் எதிரானது என்பது இடதுசாரிகளின் நிலைப்பாடு. வடக்கின் தமிழ்ப் பிரதிநிதிகளில் சிலர் அரசோடு நின்று வாக்களித்த நேரத்தில் சிங்கள இடதுசாரிகள் எதிர்த்து நின்றார்கள் என்பதை நாம் மறக்கக்கூடாது.

பிறகு நீதிமன்றங்களுக்குப் போனார்கள். தனிமனிதர்களின் வழக்குகளில் சில வெற்றிகள் கிடைத்தன. நேவ்ஸ்மயர் தோட்டத்திலிருந்து வெளியேற மறுத்த தொழிலாளி ஒருவரை அத்துமீறலுக்குத் தண்டித்தது தவறு என்று 1950இல் லண்டன் கோமறைக் கழகம் தீர்த்தது. தன் வீட்டைக் காத்துக்கொள்ள நினைப்பவனைக் குற்றவாளியாகக் கொள்ள முடியாது என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். ஆனால் பிரஜாவுரிமைச் சட்டத்தையே எதிர்த்த கோடக்கன்பிள்ளை வழக்கு 1953இல் அதே கழகத்தில் தோற்றது. சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு சிறுபான்மைக்குக் காவல் என்று நம்பியவர்களுக்கு அது பெரிய அடி.

அதே 1953இல் கொல்வினின் பெயர் நாடெங்கும் பேசப்பட்டது வேறொரு வழக்கில். மனைவியைக் கொன்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட கிரிக்கெட் வீரர் மகாதேவா சதாசிவத்துக்காக அவர் வாதாடி விடுதலை பெற்றுக்கொடுத்தார். குற்றவியல் வழக்குகளில் அவருக்கு நிகரில்லை என்று பெயர் வந்தது.

மலையகத்தில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. 1952 தேர்தலில் மலையகத் தமிழர் ஒருவர்கூட நாடாளுமன்றம் போகவில்லை. 1977 வரை ஒரு தொகுதியிலிருந்தும் ஒருவரும் தெரிவாகவில்லை. எந்தக் கட்சிக்கும் தோட்டத்து லயன்களுக்கு வந்து வாக்குக் கேட்க வேண்டிய தேவை இல்லாமல் போனது. இடதுசாரிகளுக்கும்தான்.

திரும்பிய பாதை

1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தபோது கொல்வின் நாடாளுமன்றத்தில் அதை எதிர்த்தார். இரு மொழிகளை ஏற்றால் நாடு ஒன்றாக இருக்கும், ஒன்றை மட்டும் ஏற்றால் நாடு இரண்டாகும் என்ற கருத்தில் அவர் விடுத்த எச்சரிக்கையை இன்றும் மேடைகளில் எல்லாரும் எடுத்தாளுகிறார்கள்.

அந்த எச்சரிக்கையை மீறியவர்களில் அவரது சொந்தக் கட்சியும் சேர்ந்தது. 1964இல் சமசமாஜக் கட்சி சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசில் இணைந்தது. அந்த ஆண்டு ஒக்டோபரில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 975,000 பேரில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவோம் என்று இரண்டு அரசுகளும் முடிவுசெய்தன. அந்த மக்களில் ஒருவரிடமும் கேட்கவில்லை. 1966 ஜனவரியில் தமிழ் மொழி விசேட ஏற்பாட்டு ஒழுங்குவிதிகளுக்கு எதிரான ஊர்வலத்தில் சமசமாஜக் கட்சியும் நின்றது. பத்தாண்டுகளுக்கு முன் இரு மொழிக்காக அடிவாங்கிய கட்சி அது.

1970இல் ஐக்கிய முன்னணி மூன்றில் இரண்டு பெரும்பான்மையோடு வென்றது. அகலவத்தைத் தொகுதி உறுப்பினரான கொல்வின், பெருந்தோட்டக் கைத்தொழில் மற்றும் அரசியலமைப்பு விவகார அமைச்சரானார். ஒருகாலத்தில் தோட்டத் தொழிலாளரின் சட்டத்தரணியாக இருந்தவர் கையில் இப்போது தோட்டங்களும் இருந்தன, நாட்டின் அடிப்படைச் சட்டமும் இருந்தது.

1972 மே 22ஆம் திகதி குடியரசு அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தது. சிங்களம் அரசகரும மொழி என்பது இப்போது சாதாரண சட்டமல்ல, அரசியலமைப்பின் ஏற்பாடு. பௌத்தத்துக்கு முதன்மை இடம். நாடு ஒற்றையாட்சி. 29ஆம் பிரிவு இல்லை. கோமறைக் கழகத்துக்குப் போகும் வழி அதற்கு முன்பே மூடப்பட்டிருந்தது. தமிழரசுக் கட்சி 1971 ஜூனிலேயே அரசியல் நிர்ணய சபையிலிருந்து வெளியேறியிருந்தது. அரசு ஆங்கிலேய முடியிலிருந்து முழுமையாக விடுபட வேண்டும் என்ற கொல்வினின் வேட்கை உண்மையானது. அந்த விடுதலையில் தமிழருக்கு இடம் எங்கே என்ற கேள்விக்கு அவரது ஆவணம் பதில் சொல்லவில்லை.

மலையகத்தாருக்கு அதில் இன்னொரு கதவும் அடைபட்டது. பேச்சு, ஒன்றுகூடல், சங்கம் அமைத்தல், சொந்தக் கலாசாரத்தைப் பேணுதல் போன்ற உரிமைகளை அந்த அரசியலமைப்பு பிரஜைகளுக்கு என்று எழுதியது. அன்று தோட்டங்களில் இருந்த இலட்சக்கணக்கானோர் எந்த நாட்டின் பிரஜைகளும் அல்லர். சட்டத்தரணிகள் ஒரு சொல்லின் எடையை அறிந்தவர்கள். கொல்வின் அறியாமல் இருந்திருக்க முடியாது.

பசி, பிறகு வன்னி

1972இன் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியாருக்கு 50 ஏக்கர் எல்லை வைத்தது. 1975இல் கம்பனித் தோட்டங்களும் அரசுடைமையாயின. காணிச் சீர்திருத்தம் கொல்வினின் அமைச்சின் கீழ் இருக்கவில்லை, விவசாய, காணி அமைச்சின் கீழ் இருந்தது. எடுத்த தோட்டங்கள் யாரிடம் போவது என்ற சண்டை, 1975 செப்டெம்பரில் சமசமாஜக் கட்சி அரசிலிருந்து வெளியேற்றப்பட்டதற்கான காரணங்களுள் ஒன்று. ஆனால் வெள்ளைக்காரத் துரை போனால் தொழிலாளிக்கு விடிவு என்று அவர்கள் 40 ஆண்டுகளாகச் சொன்னது நடக்கவில்லை. கைமாறிய தோட்டங்களிலிருந்து பல தமிழ்க் குடும்பங்கள் விரட்டப்பட்டன. 1973, 1974 ஆண்டுகளில் மாவும் அரிசியும் குறைந்தபோது, சொந்தமாக ஒரு துண்டு நிலமும் இல்லாத லயன் மக்களே முதலில் பட்டினி கிடந்தார்கள். கைக்குழந்தைகளும் முதியவர்களும் செத்தார்கள். பலர் நகரத் தெருக்களில் கையேந்தினார்கள். அந்த நாட்களில் பெருந்தோட்ட அமைச்சர், முல்லோயாவின் சட்டத்தரணிதான்.

1977 மே மாதம் டெவன் தோட்டத்தில் காணி பறிப்பை எதிர்த்த சிவனு லெட்சுமணன் பொலிஸ் சூட்டில் உயிரிழந்தார். முல்லோயாவுக்கு 37 ஆண்டுகளுக்குப் பின் அதே கதை. அந்த ஆண்டு ஆவணியில் இனவன்முறை வந்தது. 1983 ஜூலையில் பதுளை நகரம் எரிந்தது. மலையகத்தவர்கள் ஆயிரக்கணக்கில் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் போய்க் காடு வெட்டிக் குடியேறினார்கள். 2009இல் முள்ளிவாய்க்கால் வரை நடந்தவர்களில் ஊவாவின் லயன்களில் பிறந்தவர்களும் அவர்களின் பிள்ளைகளும் இருந்தார்கள். இதை வாசிக்கும் உங்களில் சிலரின் பாட்டியின் ஊர் நமுனுகுலவாகவோ ஹாலிஎலவாகவோ இருக்கக்கூடும்.

1977 தேர்தலில் கொல்வின் தோற்றார். சமசமாஜக் கட்சிக்கு ஓர் ஆசனமும் கிடைக்கவில்லை. 1980களில் அந்தக் கட்சி அதிகாரப் பகிர்வின் பக்கம் திரும்பியது, 1987 இந்திய - இலங்கை ஒப்பந்தத்தை ஆதரித்தது. ஆனால் அப்போது அவர்களுக்குச் செவிசாய்க்க நாட்டில் யாரும் இருக்கவில்லை. 1989 பெப்ரவரி 27ஆம் திகதி தமது 82ஆவது வயதில் கொல்வின் காலமானார்.

ஒரு சட்டத்தரணி போதுமா?

கொல்வினைத் துரோகி என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவது எளிது. 1940இல் அவர் செய்ததை யாரும் அழிக்க முடியாது. ஒருவரும் பேசத் துணியாத காலத்தில் ஒரு தொழிலாளியின் மனைவிக்காக அவர் பேசினார், சிறை போனார். அதே மனிதர் 1972இல் அவளது மக்களை மறந்துபோனது எப்படி?

அவரது மனம் மாறியது ஒரு காரணமாக இருக்கலாம். அதைவிடப் பெரிய காரணம் இடையில் போன வாக்கு. 1947இல் பதுளைத் தோட்டத் தொழிலாளி அவரது அரசியலுக்குத் தேவைப்பட்டாள். 1970இல் தேவைப்படவில்லை. நல்ல மனம் படைத்த ஒருவர் வந்து நமக்காக வழக்காடுவது பெரிய உதவிதான். ஆனால் சட்டம் எழுதப்படும் அறையில் நமக்கு இடமில்லை என்றால், அந்த உதவி அவர் இருக்கும் வரைக்கும்தான், அவருக்கு நாம் தேவைப்படும் வரைக்கும்தான்.

நாடற்ற நிலை 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தோடுதான் முடிவுக்கு வந்தது. தொழில் நியாய சபைகள் 1957ஆம் ஆண்டுத் திருத்தத்தால் உருவானவை. சட்டத்தரணி இல்லாமலே ஒரு தொழிலாளி அங்கே முறையிடலாம், சங்கம் அவருக்காகப் பேசலாம். 1978இன் சட்டத்தால் வந்த சட்ட உதவி ஆணைக்குழு வறியவர்களுக்காக இலவசமாக வழக்காடுகிறது. இவையெல்லாம் உள்ளன என்பதே பல லயன்களில் தெரியாது. 2021இல் நாட்சம்பளம் ஆயிரம் ரூபா என்று சம்பள நிர்ணய சபை தீர்மானித்தபோது தோட்டக் கம்பனிகள் உடனே நீதிமன்றம் போயின. அவர்களுக்குச் சட்டத்தரணிகளுக்குப் பஞ்சமில்லை.

பதுளையில் அந்தப் பொலித்தீன் பையோடு காத்திருக்கும் அம்மாவுக்கு இன்று வாக்கு இருக்கிறது. அடையாள அட்டை இருக்கிறது. அவரது பேத்தி சட்டம் படிக்கலாம், சிலர் படித்தும் வருகிறார்கள். ஆனால் கடிதம் இன்னும் அவருக்குத் தெரியாத மொழியில்தான் வருகிறது. அரசு அனுப்பும் கடிதம் அவரது மொழியில் இருக்க வேண்டும் என்று இன்றைய சட்டமே சொல்கிறது. அதைக் கேட்டு வாங்குவதற்கு ஒரு கொல்வின் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.